வார்ப்படத் தொழிலாளி வானேறிய வரலாறு

யூரி ககாரின் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இல்லை. 1961ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், மனித குலத்திலேயே முதன்முதலாக விண்வெளிக்குச் சென்று பூமியை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பியவர். இந்த ஒரு வரியைப் பாடப்புத்தகம் சொல்லிக் கொடுக்கிறது. பரீட்சையில் பிள்ளைகள் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் அந்த மனிதர் எந்த வீட்டில் பிறந்தார், என்ன தொழில் செய்தார், எந்தெந்தப் படியில் கால் வைத்து ராக்கெட்டின் வாசலுக்கு வந்து சேர்ந்தார் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? தோழர்களே, நமக்கு வேண்டியது அந்தக் கதைதான்.

மாஸ்கோவுக்கு மேற்கே ஸ்மோலென்ஸ்க் பகுதியில் குளூஷினோ என்று ஒரு சிற்றூர். அங்கே 1934ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் யூரி பிறந்தார். தந்தை அலெக்சேய் தச்சுத் தொழிலாளி. தாய் அன்னா கூட்டுப்பண்ணையின் மாட்டுக் கொட்டிலில் பால் கறந்தவர். நான்கு பிள்ளைகளில் யூரி மூன்றாவது. தச்சன் வீட்டுப் பிள்ளைக்கு உளியும் இழைப்புளியும் விளையாட்டுச் சாமான்கள்; அதற்கு மேல் என்ன இருந்துவிடப் போகிறது?

1941 செப்டம்பரில் சிறுவனைப் பள்ளியில் சேர்த்தார்கள். அக்டோபரில் ஹிட்லரின் படை ஊருக்குள் நுழைந்தது. பள்ளிக்கூடம் போயிற்று. வீடும் போயிற்று, அதை ஜெர்மானியர் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தினார்கள். வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தோண்டிக் குழி வெட்டி, மேலே கூரை போட்டு, ஆறு பேரும் எலிகளைப்போல் அதற்குள் வாழ்ந்தார்கள். ரஷ்யக் குளிர் எத்தகையது என்று படித்தவர்களுக்குத் தெரியும். மண்குழியில் அதைக் கழிப்பது எத்தகையது என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தம்பி போரிஸுக்கு அப்போது ஐந்து வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. ஒரு நாஜிச் சிப்பாய் அந்தக் குழந்தையின் கழுத்துத் துணியிலேயே அவனை மரக்கிளையில் தொங்கவிட்டு வேடிக்கை பார்த்தான். தாய் ஓடிவந்து உயிரை மீட்டாள். அண்ணன் வாலென்டினையும் அக்காள் ஜோயாவையும் நாஜிகள் அடிமை வேலைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் உயிர் தப்பிய செய்தி யுத்தத்தின் கடைசியில்தான் வீட்டாருக்கு எட்டியது.

அந்த இருண்ட காலத்தில்தான் சிறுவனின் கண்ணில் ஒரு விமானம் பட்டது. குண்டடிபட்ட சோவியத் போர் விமானம் ஒன்று ஊர் ஓரத்துப் புல்வெளியில் வந்து இறங்கியது. அதன் விமானியை மீட்க இன்னொரு விமானம் வந்தது. ஊர்ப் பிள்ளைகள் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். தம் வாழ்வைத் திருப்பிய நாள் அதுவே என்று ககாரின் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். ஆசை அன்று பிறந்தது உண்மைதான். ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசைக்கு என்ன பஞ்சம்? அது எந்த நாட்டிலும் ஏராளமாக விளைகிறது. விளைந்த இடத்திலேயே கருகியும் போகிறது. யூரியின் ஆசை கருகாமல் போனது எப்படி என்பதே விஷயம்.

போர் முடிந்து குடும்பம் பக்கத்து நகரமான கிஷாட்ஸ்குக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுத்த ஆசிரியர், போரில் விமானப் படையில் பணியாற்றித் திரும்பியவர். பாடத்தோடு பாடமாக விமானத்தையும் பற்றிச் சொல்லியிருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆறு வகுப்பு முடிந்ததும் யூரி பள்ளியை விட்டுப் புறப்பட்டார். வீட்டுக்குப் பாரமாக இருக்கக்கூடாது, கைத்தொழில் ஒன்றைக் கற்றுக்கொண்டு சம்பாதிக்க வேண்டும் என்ற எண்ணம். வயது 15. மாஸ்கோவை அடுத்த லூபெர்ட்ஸி என்ற ஆலை நகரத்தின் தொழிற்பள்ளிக்குப் போய் நின்றார்.

அவர் விரும்பியது லேத்து வேலை. டர்னராக வேண்டும் என்று ஆசை. அதற்கு ஏழு வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்றார்கள். ஆறு வகுப்புப் படித்தவனுக்கு இடமிருந்தது வார்ப்படப் பிரிவில்தான். பையன் முகம் வாடியதைப் பார்த்த பள்ளித் தலைவர், மாஸ்கோவில் நிற்கும் கவிஞர் புஷ்கினின் சிலையைப் பார்த்திருக்கிறாயா, அது வார்ப்படக்காரர்கள் செய்த வேலையல்லவா என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்வியில் பையன் வார்ப்படக்காரன் ஆகிவிட்டான்.

வார்ப்படம் என்று ஏட்டில் எழுதுகிறோம். பட்டறையில் பவுண்டரி என்கிறோம். மண்ணைப் பதப்படுத்தி அச்சு எடுக்க வேண்டும். அனல் கக்கும் உலையிலிருந்து உருகிய இரும்பைக் கொண்டுவந்து சிந்தாமல் சிதறாமல் ஊற்ற வேண்டும். கை நடுங்கினால் வேலையும் கெடும், காலும் வேகும். மோல்டராக இருக்கும் தோழருக்கு இதை நான் விவரிக்க வேண்டியதில்லை. பதினாறு வயதில் அந்த அனலில் நின்றவர்தான் ககாரின். பகலெல்லாம் வேலை, இரவில் தொழிலாளர் இரவுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. கண்ணயரவிடாமல் ஒருவரையொருவர் எழுப்பிவிட்டுக்கொண்டு படித்த தோழர்கள் உடனிருந்தார்கள். 1951இல் தொழிற்பள்ளியைச் சிறப்பாக முடித்தார். இரவுப் பள்ளியையும் முடித்தார்.

தொழிற்பள்ளி அவருக்கு உடையும் உணவும் கொடுத்தது. தேறியவரை வால்கா நதிக்கரையில் உள்ள சராட்டவ் நகரத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்பியது. அங்கே ஒரு மாணவர் மன்றத்தில் ராக்கெட் விஞ்ஞானத்தின் தந்தையான ஸியால்கோவ்ஸ்கியைப் பற்றிப் படித்து ஒரு கட்டுரை வாசித்தார். ஸியால்கோவ்ஸ்கியும் நம்மவர்தான். சிறு வயதிலேயே காய்ச்சலால் செவிப்புலனை இழந்து, பள்ளிக்கூடம் சென்று படிக்க முடியாமல், நூலகத்தில் தாமே படித்து, கலூகா என்ற ஊரில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே கோள்களுக்குப் போகும் வழியைக் காகிதத்தில் கணக்கிட்டு வைத்தவர். ராக்கெட் ஒன்று விண்ணில் பாய்வதைக் காணாமலே 1935இல் மறைந்தார். அவர் போட்ட கணக்கை ஒரு வார்ப்பட மாணவன் படித்துக் கிறங்கினான்.

சராட்டவில் ஒரு விமானக் கழகம் இருந்தது. பணக்காரர் பொழுதுபோக்கும் கிளப் அன்று. அரசாங்கச் செலவில் நடந்தது. தொழிலாளியும் மாணவனும் வேலை போக மிஞ்சிய நேரத்தில் விமானம் ஓட்டப் பழகலாம். ககாரின் சேர்ந்தார். கைச்செலவுக்கு வால்கா படகுத் துறையில் மூட்டை இறக்கினார். 1955இல் யாக்–18 என்ற சிறு விமானத்தைத் தனியே ஓட்டி வானில் ஏறினார். மூட்டை இறக்கிய கை விமானத்தின் கைப்பிடியைப் பிடித்தது!

அதே ஆண்டு ஒரென்பர்க் விமானப் படைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஒரு சோதனை. பறப்பதில் குறையில்லை, தரையிறக்குவதில் தடுமாறினார். பள்ளியை விட்டே அனுப்பிவிடலாம் என்ற பேச்சுக்கூட எழுந்தது. குறை வேறு எதிலுமில்லை, அவருடைய உயரத்தில்தான் என்று கண்டார்கள். ஆள் குள்ளம், இருக்கையிலிருந்து பார்த்தால் ஓடுபாதை சரியாகத் தெரியவில்லை. ஒரு மெத்தையை அடியில் வைத்தார்கள். அவ்வளவுதான், விமானம் பூப்போல் இறங்கியது. எத்தனை ஏழைப் பிள்ளைகள் இப்படி ஒரு மெத்தை கிடைக்காமல் தகுதியற்றவர்கள் என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

1957 அக்டோபர் 4ஆம் நாள் ஸ்புட்னிக் பறந்தது. அடுத்த மாதம் ககாரின் விமானப் படை அதிகாரியாகத் தேறினார். மருத்துவத் துறையில் பயின்ற வாலென்டினாவை மணந்தார். வடதுருவத்தை ஒட்டிய மூர்மான்ஸ்க் பகுதியில், நார்வே எல்லைக்கு அருகே, பனியிலும் இருளிலும் போர் விமானம் ஓட்டினார். 1959இல் விண்வெளிக்குப் போக ஆள் தேடினார்கள். 3,000 பேருக்கு மேற்பட்ட விமானிகளின் ஏடுகளைப் புரட்டி, சலித்து, புடைத்து, கடைசியில் 20 பேரை எடுத்தார்கள். கலத்தின் அளவோ சிறியது. உயரம் ஓர் அளவுக்கு மேல் கூடாது. ஒரென்பர்க்கில் குறையாக இருந்தது இங்கே தகுதியாயிற்று.

கலத்தைப் படைத்த தலைமைப் பொறியாளர் செர்கேய் கொரலியோவ். பொய்க் குற்றம் சாட்டப்பட்டு 1938இல் சிறையில் தள்ளப்பட்டு, கொலிமாவின் சுரங்கத்தில் வாடி, சாகாமல் மீண்டவர். அந்த அநீதியை மூடி மறைக்க வேண்டியதில்லை. அத்தனைக்கும் பிறகு வேலையை விடாத அந்த மனிதரின் பெயரைக்கூட 1966இல் அவர் இறக்கும் வரை உலகுக்குச் சொல்லவில்லை. அவர் ஒருநாள் பயிற்சியாளர்களை அழைத்து வஸ்தோக் கலத்தைக் காட்டி, உள்ளே உட்கார்ந்து பார்க்க யார் வருகிறீர்கள் என்று கேட்டார். ககாரின் முன்வந்தார், காலணிகளைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ஏறினார். பிறர் உழைப்பில் உருவான பொருளைத் தொழிலாளி எப்படி மதிப்பான் என்பதைக் கொரலியோவின் கண் கவனித்துக்கொண்டது.

தச்சன் மகன் என்பதால்தான், பிரச்சாரத்துக்காகத்தான் அவரைப் பொறுக்கினார்கள் என்று மேல்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. பிறப்பையும் கணக்கில் வைத்தார்கள். இல்லையென்று சொல்ல வேண்டாம். கூடப் போட்டியிட்ட டிட்டோவ் ஓர் ஆசிரியரின் மகன்; கல்வியிலும் திறனிலும் சளைத்தவரல்லர். ஆனால் உடன் பயின்றவர்களிடமே, உங்களைத் தவிர வேறு யார் முதலில் போகலாம் என்று கேட்டபோது, மிகப் பெரும்பாலோர் ககாரின் பெயரையே எழுதினார்கள். தோழர்கள் போட்ட வாக்குக்கு என்ன பதில்? மேலும், பரம்பரைப் பெருமை பார்த்துப் பதவி கொடுப்பது ஆயிரம் ஆண்டு வழக்கமாக உலகில் இருந்தபோது முணுமுணுக்காதவர்கள், உளி பிடித்தவன் வீட்டைப் பார்த்துக் கொடுத்தவுடன் முணுமுணுப்பானேன்?

ஏப்ரல் 12, மாஸ்கோ நேரம் காலை 9 மணி 7 நிமிடம். பைக்கனூரிலிருந்து ராக்கெட் எழுந்தது. முந்தைய ஆளில்லாச் சோதனைகளில் சில தோற்றிருந்தன. நாய்களை ஏற்றிச் சென்ற ஒரு கலம் வெடித்திருந்தது. அதைத் தெரிந்தேதான் ஏறினார். எடையற்ற நிலையில் மனிதனின் புத்தி பேதலித்துவிடுமோ என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். ஆகவே கலத்தின் கட்டுப்பாட்டைப் பூட்டி, திறக்கும் எண்ணை உறையிலிட்டு உள்ளே வைத்தார்கள். எண் 125. ஆபத்து நேரத்தில் உறையைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா என்று எண்ணிய நல்லவர்கள் புறப்படுமுன்பே இரகசியமாக அவரிடம் சொல்லிவிட்டார்கள்! 327 கிலோமீட்டர் உயரம் வரை சென்றார். பூமியின் விளிம்பில் நீல ஒளி வளையத்தைக் கண்டார். திரும்பும்போது கலத்தின் இரு பகுதிகளும் உரிய நேரத்தில் பிரியவில்லை. கம்பிகளால் பிணைந்தபடி ஏறக்குறைய பத்து நிமிடம் தாறுமாறாகச் சுழன்றன. அனலில் கம்பிகள் எரிந்து அறுந்த பிறகே கலம் நிலைகொண்டது. வெளியே நெருப்பு, உள்ளே அனலுக்குப் பழகிய மனிதர். ஏழு கிலோமீட்டர் உயரத்தில் கலத்தைவிட்டு வெளியேறி பாராசூட்டில் தனியே இறங்கினார். கலத்துக்குள்ளேயே இறங்கினால்தான் சாதனை செல்லும் என்று சர்வதேச விதி இருந்ததால் இந்த உண்மையைப் பல ஆண்டுகள் மறைத்தார்கள். மறைத்திருக்க வேண்டியதே இல்லை.

அவர் வந்து இறங்கிய இடம் எது தெரியுமா? வால்காவின் கரை, அதே சராட்டவ் பகுதி. எந்த மண்ணிலிருந்து முதன்முதல் தனியே பறந்தாரோ அந்த மண். வயலில் உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியும் அவருடைய பேத்தியும், செம்மஞ்சள் உடையோடு வந்த உருவத்தைக் கண்டு மிரண்டார்கள். விண்ணிலிருந்து வந்த முதல் மனிதனை வரவேற்றவர்கள் வயலில் நின்ற அந்தப் பெண்கள்தான்.

பிறகு உலகமே அழைத்தது. அரசர்களும் அமைச்சர்களும் விருந்து வைத்தார்கள். 1961 இறுதியில் நம் நாட்டுக்கும், அடுத்து இலங்கைக்கும் வந்தார். எனக்கு அவற்றிலெல்லாம் பெரிதாகப் படுவது அதே ஆண்டு ஜூலை 12ஆம் நாள் மான்செஸ்டரில் நடந்தது. பிரிட்டன் வருமாறு அவரை முதலில் அழைத்தது வார்ப்படத் தொழிலாளர் சங்கம். அரசாங்கம் பிறகே விழித்துக்கொண்டது. மழை கொட்டியது. சாலையோரம் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். காரின் மேல்மூடியை இழுத்துவிடப் பார்த்தபோது ககாரின் தடுத்துவிட்டார். அவர்கள் நனைகையில் தாமும் நனைவதே முறை என்று எழுந்து நின்றே வந்தார். சங்கம் அவரைக் கௌரவ உறுப்பினராக்கி ஒரு பதக்கம் அளித்தது. சங்கத்துக்கு அவர் விண்வெளி வீரர் மட்டுமல்ல, தொழில் தெரிந்த ஒரு மோல்டர். இங்கிலாந்து ராணியாருடன் விருந்துண்டது அதற்கு இரண்டு நாள் கழித்து!

கதவு அவரோடு மூடிவிடவில்லை. 1963 ஜூன் 16ஆம் நாள் வாலென்டினா தெரெஷ்கோவா பறந்தார்; யாரொஸ்லாவ்ல் பஞ்சாலையில் வேலை பார்த்த பெண், போரில் மாண்ட டிராக்டர் ஓட்டுநரின் மகள். முதல் விண்வெளி மங்கை.

ககாரினுக்கோ மறுபடி விண்வெளிக்குப் போகும் வாய்ப்பு வரவில்லை. 1967 ஏப்ரலில் சோயூஸ் கலம் தரையில் மோதி நண்பர் கொமரோவ் மாண்டார். அந்தப் பயணத்தில் அவருக்கு மாற்று ஆளாக இருந்தவர் ககாரின். உலகம் போற்றும் வீரரை இழக்கத் துணியாத மேலிடம் அவரை விண்வெளிப் பயணத்திலிருந்து விலக்கி வைத்தது. சிலையாக நிற்க அவருக்கு மனமில்லை. மாணவராகவே இருந்தார். விமானப் படைப் பொறியியல் கல்லூரியில் பயின்று 1968 பிப்ரவரி 17ஆம் நாள் பட்டம் பெற்றார். போர் விமானம் ஓட்டும் உரிமையைத் திரும்பப் பெற மீண்டும் பயிற்சிக்குப் போனார். மார்ச் 27ஆம் நாள் காலை, பயிற்சியாளர் செர்யோகினுடன் அவர் ஏறிய மிக்–15 விமானம் கிர்ஷாச் அருகே காட்டுக்குள் விழுந்து நொறுங்கியது. இருவரும் மாண்டனர். பட்டம் வாங்கி 39 நாள், வயது 34. மூத்த மகளுக்கு ஒன்பது வயது நிறையவில்லை, இளையவளுக்கு ஏழு. அவருடைய சாம்பல் கிரெம்ளின் மதிலில் வைக்கப்பட்டது. ஆறாம் வகுப்போடு அவர் விட்டுப் புறப்பட்ட கிஷாட்ஸ்க் நகரத்துக்கு அந்த ஆண்டே ககாரின் என்று பெயர் சூட்டினார்கள்.