சவப்பெட்டிக் கடைக்காரரும் எஸ்.டி.டி. கோடும்

(மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு)



கிரகாம் பெல்லைத் தெரியாதவர் நம் கல்லூரியில் ஒருவரும் இருக்க மாட்டார். எடிசன், மார்க்கோனி பெயர்களும் நமக்கு மனப்பாடம். ஆனால் ஆல்மன் பிரவுன் ஸ்ட்ரோஜர் என்று சொன்னால் எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் நாலு பேர் தலையாட்டலாம். சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் யார் அந்த ஆள் என்றுதான் கேட்பார்கள். பெல் கொடுத்தது போன். அந்தப் போனில் நாமே நம்பர் போட்டு, நடுவில் யாரையும் கேட்காமல், வேண்டியவரைக் கூப்பிட வழி கொடுத்தவர் ஸ்ட்ரோஜர். அவர் இன்ஜினியர் அல்ல. சவப்பெட்டிக் கடை வைத்திருந்தவர்!

இவரைப் பற்றி இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. நம் அம்பாசமுத்திரத்தின் எஸ்.டி.டி. கோடு 04634. கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம், சேரன்மகாதேவி எல்லாம் இதே கோடுக்குள்தான். நம்மூர் லேண்ட்லைனில் இருந்து ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சி லேண்ட்லைனுக்குப் பேச ஆறு இலக்கம் போட்டால் போதும், கோடு வேண்டாம் என்பதே காலங்காலமாக இருந்த வழக்கம். அதே நம்பருக்கு செல்போனில் இருந்து பேசுவதானால், பக்கத்துத் தெருவாக இருந்தாலும் 04634 சேர்த்தே போட வேண்டும். 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு பரிந்துரை கொடுத்தது. லேண்ட்லைனில் இருந்து லேண்ட்லைனுக்கு, உள்ளூருக்குள்ளேயே பேசினாலும் 0, பிறகு எஸ்.டி.டி. கோடு, பிறகு நம்பர் என்று போட வேண்டும் என்பதே அது. ஊருக்குள் பேச ஊர்க் கோடு எதற்கு? இதற்கு விடை தேடிப் போனால் நேரே ஸ்ட்ரோஜர் கடை வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

ஸ்ட்ரோஜர் 1839 பிப்ரவரி 11 அன்று அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் பக்கத்திலுள்ள பென்ஃபீல்டு என்ற சிற்றூரில் பிறந்தார். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் குதிரைப் பிரிவில் சண்டை போட்டார். பிற்பாடு பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். சுற்றிச் சுற்றிக் கடைசியில் கான்சாஸ் மாநிலத்திலும், பிறகு கான்சாஸ் சிட்டியிலும் சாவுச் சடங்குக் கடை நடத்தினார். இறந்தவர் உடலைத் தயார் செய்வது, பெட்டி கொடுப்பது, வண்டி பிடிப்பது, அடக்கம் வரை கூட நிற்பது எல்லாம் அந்தக் கடைக்காரர் பொறுப்பு. நம் பக்கத்தில் சாவு வேலை பார்ப்பவரை எந்த இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். அந்த ஊரில் அவர் ஒரு கடைக்காரர், அவ்வளவுதான். காப்புரிமை அலுவலகத்துக்குள் நுழையும்போது அவருடைய தொழிலை யாரும் குறுக்கே வைக்கவில்லை. இந்த இடத்தைப் படித்தபோது நான் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்து விட்டேன்.

அந்தக் காலத்துப் போனில் நம்பர் போடும் வசதி கிடையாது. ரிசீவரை எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வருவார். இன்னார் வேண்டும் என்று சொன்னால், போர்டில் பிளக்கைச் சொருகி இணைப்பார். முதலில் பையன்களைத்தான் இந்த வேலைக்கு வைத்தார்கள். அவர்கள் போன் பேச வந்தவர்களையே கிண்டல் செய்ததால் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். 1878-ல் பாஸ்டன் நகரில் வேலைக்குச் சேர்ந்த எம்மா நட் என்பவரே முதல் பெண் ஆபரேட்டர்.

இனி ஸ்ட்ரோஜர் கதை. அவர் ஊரில் இன்னொரு சாவுக் கடைக்காரர் இருந்தாராம். அவருடைய மனைவிதான் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராம். துக்க வீட்டுக்காரர்கள் ஸ்ட்ரோஜரைக் கேட்டுப் போன் எடுத்தால், அந்த அம்மாள் தன் வீட்டுக்காரர் கடைக்கே இணைத்து விடுவாராம்! ஒரு நண்பர் இறந்த செய்தியையே ஸ்ட்ரோஜர் பேப்பரில் பார்த்துத் தெரிந்து கொண்டார், அந்த அடக்கமும் எதிராளி கையில் போய்விட்டது என்றும் சொல்வார்கள். இது இரண்டு மூன்று விதமாக உலவுகிற கதை. எதுவரை நிஜம், எதுவரை பிற்பாடு சேர்த்தது என்று பிரிப்பது கஷ்டம். தனக்கு வர வேண்டிய கால் தனக்கு வரவில்லை என்று அவர் ஆபரேட்டர்கள் மேல் கொதித்துப் போயிருந்தார் என்பதில் மட்டும் எல்லாக் கதையும் ஒத்துப் போகிறது.

நாமாக இருந்தால் சவத்த விடுல என்று போயிருப்போம். இவர் சவத்தையும் விடவில்லை, போனையும் விடவில்லை. ஆபரேட்டரே இல்லாமல் இணைப்பு கொடுத்தால் என்ன என்று யோசிக்கத் தொடங்கினார். சட்டைக் காலர் வைக்கும் வட்டமான அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து, அதைச் சுற்றிக் குண்டூசிகளை வரிசையாகக் குத்தி, நடுவில் ஒரு பென்சிலை நிறுத்தி முதல் மாடலைச் செய்தார் என்பார்கள். ஒவ்வொரு ஊசியும் ஒரு வீட்டுப் போன். நடுவில் உள்ள கை எந்த ஊசியைத் தொடுகிறதோ அந்த வீட்டுக்கு லைன். லேப் கிடையாது, புரொஃபசர் கிடையாது. நாம் மினி புராஜெக்டுக்கு மதுரையில் கிட் வாங்கி வருகிறோமே, அதை நினைத்துக் கொண்டேன்!

1889 மார்ச் 12-ல் காப்புரிமைக்கு மனுப் போட்டார். 1891 மார்ச் 10-ல் கிடைத்தது. எண் 4,47,918. நியாயமாகச் சொன்னால் இந்த யோசனை அவருக்கே முதலில் வந்ததல்ல. கனாலி சகோதரர்களும் மக்டைக் என்பவரும் 1879-லேயே தானியங்கி சுவிட்ச் ஒன்றுக்கு உரிமை வாங்கியிருந்தார்கள். அது ஊருக்குள் ஓடவில்லை. ஸ்ட்ரோஜருடையது ஓடியது. அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவரான வால்டர் கூட நின்றார். ஜோசப் ஹாரிஸ் முதலானவர்கள் பணமும் வியாபார மூளையும் கொண்டு வந்தார்கள். 1891-ல் கம்பெனி பிறந்தது. 1892 நவம்பர் 3 அன்று இந்தியானா மாநிலத்து லா போர்ட் என்ற ஊரில் உலகின் முதல் வணிகத் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் திறக்கப்பட்டது. சுமார் 75 சந்தாதாரர்கள். நம் அம்பை பஜாரில் ஒரு தெருவுக்குக்கூடக் காணாது. ஆனால் அன்றைக்கு சிகாகோவில் இருந்து தனி ரயிலில் விருந்தினர் வந்து இறங்கினார்களாம்.

அது வேலை செய்யும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பாகம். பாடமாக நினைக்காமல் படியுங்கள். பத்து மாடிக் கட்டடம் ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு மாடியிலும் பத்து வீடு. மொத்தம் நூறு. நடுவில் ஒரு தண்டு, அதில் ஒரு கை. 73 வேண்டுமென்றால் முதலில் ஏழு மின்துடிப்பு போகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் மின்காந்தம் ஒரு தட்டுத் தட்ட, பல்சட்டத்தில் தண்டு ஒரு படி ஏறுகிறது. ஏழாவது மாடியில் நிற்கிறது. பிறகு மூன்று துடிப்பு. கை மூன்று படி திரும்பி மூன்றாவது வீட்டு வாசலைத் தொடுகிறது. மணி அடிக்கிறது. பேசி முடித்தால் கை திரும்பி, கீழே விழுந்து, பழைய இடத்துக்கு வந்து விடுகிறது. ஏறு, திரும்பு, விழு. இவ்வளவுதான்! நூறு பத்தாமல் ஆயிரம், பத்தாயிரம் என்று வேண்டுமானால், இதே போன்ற சுவிட்சுகளை ஒன்றன் பின் ஒன்றாக வைத்து, முதல் இலக்கத்தை முதல் சுவிட்சும் அடுத்ததை அடுத்த சுவிட்சும் வாங்கிக் கொள்ளும்படி செய்தார்கள்.

லா போர்டில் வைத்த போன்களில் டயல் கிடையாது. பொத்தான்கள்தான். 73 என்றால் ஒரு பொத்தானை ஏழு தடவையும் இன்னொன்றை மூன்று தடவையும் அமுக்க வேண்டும். எத்தனை அமுக்கினோம் என்று எண்ணிக்கை விட்டுப் போனால் வேறு வீடு! ஒவ்வொரு போனுக்கும் கம்பிகளும் அதிகம். பிறகு கம்பெனிக்கு வந்த அலெக்சாண்டர் கீத்தும், எரிக்சன் என்ற சகோதரர்களும் 1896 வாக்கில் விரலால் சுற்றும் டயலைக் கொண்டு வந்தார்கள். எங்கள் லேபில் மூலையில் கிடக்கும் கறுப்புப் போனைச் சுற்றிப் பாருங்கள். விரலை எடுத்ததும் கர்ரென்று திரும்பி வரும்போதுதான் துடிப்புகள் போகின்றன. 1-க்கு ஒன்று, 9-க்கு ஒன்பது, 0-க்கு பத்து. விநாடிக்குச் சுமார் பத்துத் துடிப்பு.

ஆக, டயல் தந்தவர் ஸ்ட்ரோஜர் என்று சிலர் எழுதுவது சரியல்ல. டயல் வந்த நேரத்தில் அவர் விலகிக் கொண்டிருந்தார். உடல்நிலை சரியில்லை. 1896-ல் தன் காப்புரிமைகளைக் கூட்டாளிகளுக்கு 1,800 டாலருக்குக் கொடுத்தார். 1898-ல் கம்பெனிப் பங்கை 10,000 டாலருக்கு விற்றார். ஃபிளோரிடா மாநிலத்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் போய்க் குடியிருந்து, 1902 மே 26 அன்று 63-வது வயதில் இறந்தார். எத்தனையோ பேரை அடக்கம் செய்தவரை அந்த ஊர் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். 1916-ல் அதே காப்புரிமைகளுக்காக பெல் கம்பெனி கொடுத்த தொகை 25 லட்சம் டாலர். ஒரு காசும் அவர் பார்க்கவில்லை. அவர் ஏமாந்தார் என்று ஒரேயடியாகச் சொல்லவும் எனக்கு மனமில்லை. 1896-ல் அந்த மிஷின் பாதி ஓடும், பாதி நிற்கும். அதை ஓட வைத்தவர்கள் கீத்தும் எரிக்சன்களும். இருந்தாலும் 1,800 எங்கே, 25 லட்சம் எங்கே!

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஸ்ட்ரோஜருக்கு ஆபரேட்டர் என்றால் குறுக்கே நிற்கும் ஆள். ஆனால் எம்மா நட்டுக்குப் பின் வந்த ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அது முதன்முதலாகக் கிடைத்த கௌரவமான சம்பளம். டயல் வர வர அந்த வேலை குறைந்தது. எங்க தாத்தா ஸ்பின்னிங் மில்லில் கோன் வைண்டிங்கில் இருந்தவர். ஆட்டோகோனர் மிஷின் வந்தது, அந்த வேலை போயிற்று. அதற்கப்புறம் கடைசிவரை வாட்ச்மேன்தான். அவர் பேரன் இன்று பி.எல்.சி. புரோகிராம் எழுதுகிறான். எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். தாத்தாவிடம் ஸ்ட்ரோஜர் கதையைச் சொன்னேன். அந்த ஆபரேட்டர் அம்மா அப்புறம் என்ன செய்தாள் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதே தாத்தாதான், அந்தக் காலத்தில் டிரங்க் கால் புக் செய்து விட்டு தபால் ஆபீஸ் திண்ணையில் அரை நாள் காத்துக் கிடந்ததையும், சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று துட்டுக்குத் தக்கபடி வரிசை மாறியதையும் சொல்வார். இரண்டும் உண்மைதான்.

நம் நாட்டில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913–14-ல் சிம்லாவில் வந்தது. 700 லைன். வெள்ளைக்காரத் துரைமார் கோடைக்குப் போகும் ஊர், அதனால் அங்கே முதலில்! 1948-ல் பெங்களூரில் தொடங்கிய ஐ.டி.ஐ. தொழிற்சாலை பிற்பாடு ஸ்ட்ரோஜர் சுவிட்சுகளை இங்கேயே செய்தது. 1960 நவம்பரில் கான்பூர்–லக்னோ இடையே முதல் எஸ்.டி.டி. வந்தது.

இங்கேதான் நம் கேள்விக்கு விடை. ஸ்ட்ரோஜர் முறையில் நாம் போடும் முதல் இலக்கமே தண்டை ஒரு மாடிக்கு ஏற்றி விடுகிறது. அதற்குமேல் யோசிக்க அந்த மிஷினுக்கு மூளை கிடையாது. ஆகவே 0 என்ற பத்தாவது மாடியை வெளியூருக்கு ஒதுக்கி விட்டார்கள். 0 போட்டால் வெளியே. மற்ற இலக்கம் போட்டால் ஊருக்குள். அதனால்தான் உள்ளூர் நம்பர் எதுவும் 0-ல் ஆரம்பிப்பதில்லை, உள்ளூருக்குக் கோடும் தேவைப்படவில்லை. பெரிய நகரங்களுக்குச் சின்னக் கோடு, சின்ன ஊர்களுக்குப் பெரிய கோடு. டில்லி 11, மும்பை 22, கொல்கத்தா 33, சென்னை 44, திருநெல்வேலி 462, அம்பை 4634. கோடு நீண்டால் நம்பர் குறையும். சென்னையில் எட்டு, நெல்லையில் ஏழு, நமக்கு ஆறு. கூட்டினால் எல்லாம் பத்து.

கோடு போடாத வசதிக்கு ஒரு விலை உண்டு. ஊருக்குள் எந்த எண்ணில் தொடங்கலாம், எதில் கூடாது என்று ஒதுக்க ஒதுக்க, எண்கள் வீணாகும். அமெரிக்காவில் மனநல அவசர உதவிக்கு 988 என்ற மூன்றிலக்க எண்ணைக் கொண்டு வந்தபோது, பல ஊர்களில் 988 என்று தொடங்கும் உள்ளூர் நம்பர்கள் இருந்தன. மிஷின் எதை என்று நினைக்கும்? அதனால் 2021 அக்டோபர் 24 முதல் 82 கோடுப் பகுதிகளில் அடுத்த வீட்டுக்குப் பேசவும் பத்து இலக்கம் கட்டாயமாயிற்று. 988 சேவை 2022 ஜூலை 16-ல் தொடங்கியது. நம் டிராய் கேட்டதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். லேண்ட்லைன் எண்களின் வீணாகும் இடத்தை மீட்பது. செல்போன் எண்ணுக்கு லேண்ட்லைனில் இருந்து பேச முன்னால் 0 போட வேண்டும் என்று 2021 ஜனவரி 15-ல் வந்த விதியும் அதே வழிதான்.

ஸ்ட்ரோஜர் சுவிட்ச் பிரிட்டனில் 1995 வரை ஓடியது. நம் நாட்டில் 1984-ல் பிறந்த சி-டாட், 128 லைன் கிராமப்புற எக்ஸ்சேஞ்சை 1986-ல் கர்நாடகத்து கித்தூரில் வைத்ததில் இருந்து, ஏறி இறங்கும் தண்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சுக்கு மூளை உண்டு. முழு நம்பரையும் வாங்கி வைத்துக் கொண்டு யோசிக்கும். கோடு போட்டாலும் போடாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். ஆனால் நம்பர்கள் மட்டும் பழைய மாடிக் கணக்கிலேயே நிற்கின்றன. லேபில் கிடக்கும் கறுப்புப் போனில் 04634 சுற்றிப் பாருங்கள். 10, 4, 6, 3, 4. மொத்தம் 27 துடிப்பு. டில்லிக்கு 011 சுற்றினால் 12 தான்.