வானில் இரயில் விட்டவர்

விடுமுறைக்கு ஊர் செல்ல முன்பதிவு கிட்டாமல், முன்பதிவில்லாப் பெட்டியில் தொற்றிக்கொண்டு இரண்டு இரவுகளைக் கழித்த தோழர்கள் நம் மன்றத்தில் பலர் உளர். அந்தப் பெட்டியைப் போன்ற ஒன்றை ஆகாயத்தில் ஓடவிட்டார் ஓர் ஆங்கிலேயர். பிரெடி லேக்கர் என்பது அவர் பெயர்.

கான்டர்பரி நகரில் 1922ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். ஐந்து வயதில் தந்தை குடும்பத்தை விட்டு அகன்றார். தாயின் உழைப்பிலேயே வளர்ந்தார். பள்ளிப் படிப்பில் நாட்டமில்லை. ரோச்செஸ்டர் நகரில் ஷார்ட் பிரதர்ஸ் விமானத் தொழிற்சாலையில் எடுபிடியாகச் சேர்ந்து, தொழிலைக் கண்ணாலும் கையாலும் கற்றார்.

போர் முடிந்ததும் கழிவு விமானங்களையும் உதிரி உறுப்புகளையும் வாங்கி விற்றார். 1948இல் நண்பர் ஒருவர் தந்த 38,000 பவுண்டு கடனைக் கொண்டு பழைய விமானங்கள் பன்னிரண்டை வாங்கினார். அவ்வாண்டே சோவியத் அரசு மேற்கு பெர்லினுக்குச் செல்லும் தரைவழிகளை அடைத்தது. இருபது இலட்சம் மக்களுக்கு உணவும் நிலக்கரியும் வான்வழியே போகவேண்டிய நிலை. பறக்கக்கூடிய எதற்கும் வாடகை கிடைத்தது! லேக்கரின் விமானங்கள் ஓயாது பறந்தன. முற்றுகை நீங்கி வாடகை வீழ்ந்தபோது, அவற்றில் பலவற்றை உடைத்து அலுமினியமாக விற்றுவிட்டார். பிறகு கார்களை விமானத்தில் ஏற்றிக் கால்வாயைக் கடத்தினார். 1960இல் பிரிட்டிஷ் யுனைடெட் என்னும் பெரிய தனியார் விமான நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரானார். ஆயினும் பிறர் கீழ் நெடுநாள் இருக்க இயலாத மனிதர். 1965இல் விலகி, மறு ஆண்டே பழைய பிரிட்டானியா விமானங்கள் இரண்டுடன் லேக்கர் ஏர்வேஸைத் தொடங்கினார்.

அக்காலத்து ஆங்கிலத் தொழிலாளிக்கு ஸ்பெயின் நாட்டுக் கடற்கரை என்பது கனவு. விமானம், விடுதி, உணவு மூன்றையும் ஒரே கட்டணத்தில் கட்டித் தரும் சுற்றுலாதான் அந்தக் கனவை நனவாக்கியது. லேக்கர் இரு சுற்றுலா நிறுவனங்களைத் தாமே வாங்கினார். மற்றச் சுற்றுலா நிறுவனங்களுக்கு, ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியே பேரம் பேசாமல், ஆண்டு முழுமைக்கும் விமானத்தை வாடகைக்குக் கொடுத்தார். நிற்கும் விமானம் நட்டம். எத்தனை மணி நேரம் அதிகம் பறக்கிறதோ அத்தனைக்கு ஒரு மணிக்கான செலவு குறையும். இதுவே அவருடைய கணக்கின் சாரம்.

அறிவியல் மாணவனாகிய என்னைப் பெரிதும் கவர்ந்தது வேறொன்று. தரையிலிருந்து எழும்போது எஞ்சினுக்கு முழு விசை கொடுக்கத் தேவையில்லாத வேளைகளில், அவருடைய விமானிகள் குறைத்தே கொடுத்தனர். வெப்பம் குறைகிறது, சுழலித் தகடுகள் நீடித்து உழைக்கின்றன. பயணிகளின் மூட்டை எடையையும் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தினார். தொழிற்சாலைப் படிப்பு வீண்போகவில்லை.

அட்லாண்டிக்கைக் கடப்பதில் ஒரு வேடிக்கையான விதி இருந்தது. மலிவு விமானத்தில் ஏறவேண்டுமானால், பயணத்திற்கன்றி வேறு நோக்கத்திற்காக அமைந்த ஒரு சங்கத்தில் ஆறு மாதமேனும் உறுப்பினராக இருந்திருக்கவேண்டும். பொய்ச் சங்கங்கள் காளான்போல் முளைத்தன. (நம் மன்றத்திலும் அப்போது உறுப்பினர் தொகை பெருகியிருக்கும்!) அதிகாரிகள் விமான நிலையத்தில் பயணிகளைத் துருவித் துருவிக் கேட்டு இறக்கிவிட்டனர். இந்த இழிவைக் கண்டு கொதித்த லேக்கர், 1971இல் ஸ்கைட்ரெயின் திட்டத்துக்கு உரிமம் கோரினார். முன்பதிவில்லை, அன்றே வந்து வரிசையில் நின்று சீட்டு வாங்கலாம், உணவு வேண்டுமாயின் தனிக் காசு. அரசின் நிறுவனமும் அமெரிக்கப் பெரு நிறுவனங்களும் எதிர்த்தன. கிடைத்த உரிமத்தையும் அரசு தடுக்க முனைந்தது. லேக்கர் நீதிமன்றம் சென்று வென்றார். 1977 செப்டம்பர் 26ஆம் நாள், லண்டனை அடுத்த கேட்விக்கிலிருந்து நியூயார்க்குக்கு முதல் ஸ்கைட்ரெயின் பறந்தது. கட்டணம் 59 பவுண்டு. மாணவர்களும் தாத்தா பாட்டிமாரும் சாலையோரத்தில் படுத்துக் காத்திருந்தனர்.

அடுத்த ஆண்டு சர் பட்டம் வந்தது. ரோல்ஸ் ராய்ஸ் கார், உல்லாசப் படகு, பந்தயக் குதிரைகள் என ஆடம்பரத்தை அவர் மறைத்ததில்லை. தம் விளம்பரங்களில் தாமே தோன்றினார். விமானத்தின் முன் இரு கைகளையும் விரித்துச் சிரிக்கும் படம் ஊரெங்கும் பரவியது. மக்கள் அவரைப் பொறாமையோடு பார்க்கவில்லை; தம்மவருள் ஒருவர் வென்றதாகவே எண்ணினர்.

வீழ்ச்சியின் வித்து அந்த வெற்றியிலேயே விழுந்தது. மேலும் டிசி-10 விமானங்களும், பத்து ஏர்பஸ் விமானங்களும் வேண்டுமென்று பெருங்கடன் வாங்கினார். கடன் டாலரில், வருமானத்தில் பெரும்பகுதி பவுண்டில். 1981 தொடக்கத்தில் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 2.40 டாலர், சில மாதங்களில் 1.80 அளவுக்கு இறங்கிற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 இலட்சம் டாலர் கடனை அடைக்க முன்பு 10 இலட்சம் பவுண்டு போதும், பிறகு 13 இலட்சத்துக்கும் மேல் வேண்டும். ஒரு பயணி கூடக் குறையாமலே கடன் மூன்றில் ஒரு பங்கு பெருகிவிடுகிறது. பயணிகளோ குறையவும் குறைந்தனர். 1979இல் சிகாகோ விபத்துக்குப்பின் டிசி-10 விமானங்கள் சில வாரம் தரையில் நிறுத்தப்பட்டதனால், அந்த விமானத்தின் மேலேயே மக்களுக்கு அச்சம். பொருளாதார மந்தம் வேறு. அந்த வேளை பார்த்துப் பெரிய நிறுவனங்கள் தம் கட்டணத்தை லேக்கரின் அளவுக்கு இறக்கின. அதே விலையில் உணவும் முன்பதிவும் கிடைக்கும்போது வரிசையில் நிற்பவர் யார்?

போட்டியாளரின் சூழ்ச்சியே அவரை வீழ்த்தியது என்பார் உண்டு. சூழ்ச்சி இருந்திருக்கலாம். ஆனால் முப்பது ஆண்டுகள் ஒவ்வொரு பவுண்டையும் எண்ணி வாழ்ந்தவர், தம் கையில் இல்லாத நாணய மாற்றை எண்ணாமல் கையெழுத்திட்டதே முதற்காரணம் என்று நான் கருதுகிறேன். முன்னாளில் விமானத்தை உடைத்து விற்றுத் தப்பத் தெரிந்த மனிதர், எண்பதுகளில் தப்பும் வழியை வைத்துக்கொள்ளவில்லை.

1982 பிப்ரவரி 5ஆம் நாள் நிறுவனம் மூடப்பட்டது. கடன் ஏறத்தாழ 27 கோடி பவுண்டு. ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் அயல்நாடுகளில் சிக்கிக்கொண்டனர். ஆயினும் அவரைத் தூற்றியவரினும், அவருக்காக நிதி திரட்டியவரே மிகுதி. நொடித்துப்போன முதலாளிக்குப் பொதுமக்கள் காசு அனுப்பிய காட்சியை உலகம் எத்தனை முறை கண்டிருக்கிறது?

சதி செய்து வீழ்த்தியதாக விமான நிறுவனங்கள்மீது அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கு 1985இல் சமரசமாயிற்று. லேக்கருக்கு 80 இலட்சம் டாலர் கிடைத்தது. தொண்ணூறுகளில் பஹாமாஸ் தீவுகளிலிருந்தும் புளோரிடாவிலிருந்தும் சிறு அளவில் மீண்டும் விமானம் விட்டார். பழைய பொலிவு திரும்பவில்லை. 2006 பிப்ரவரியில், 83ஆம் வயதில், புளோரிடாவில் காலமானார்.

1984இல் வர்ஜின் அட்லாண்டிக் நிறுவனத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் பிரான்சன் அவரிடம் யோசனை கேட்டவர். பின்னாளில் தம் விமானம் ஒன்றுக்கு லேக்கரின் பெயரையே சூட்டினார்.