கானகம் கண்ட கிருஷ்ணன்

சிவகங்கை மாவட்டத்தில், செட்டிநாட்டுப் பகுதியை அடுத்துள்ள திருப்பத்தூருக்கு அருகில் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி என்னும் சிற்றூர்கள் உள்ளன. மழைக்காலத்தில் அவ்வூர்க் கண்மாய்களை நாடிப் பறவைகள் கூட்டங்கூட்டமாக வரும். அவை அஞ்சிப் பறந்துவிடா வண்ணம், தீபாவளித் திருநாளிலும் அவ்வூர் மக்கள் வெடி வெடிப்பதில்லை. பிற உயிர்களை அவற்றின் இருப்பிடத்திலேயே இடையூறின்றி வாழவிடுவதன்றோ மெய்யான அன்பு! அவ்வன்பையே தம் கலைக்கு அடிப்படையாகக் கொண்டு, காட்டு விலங்குகளை நிழற்படம் எடுத்துப் புகழ்பெற்றவர் மா. கிருஷ்ணன்.

அவர் 1912-ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் பிறந்தார். பத்மாவதி சரித்திரம் என்னும் புதினத்தை இயற்றிய அ. மாதவையாவே அவர்தம் தந்தையார். கிருஷ்ணன் பதின்மூன்று வயதுச் சிறுவராக இருந்தபோது தந்தையார் மறைந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற நாளில், தாவரவியல் அறிஞர் பைசன் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். செடி கொடிகளைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது. பின்னர்ச் சட்டமும் பயின்றார். ஆயினும் அவர் உள்ளம் காட்டையே நாடியது.

1942-ஆம் ஆண்டில் சண்டூர் என்னும் சிறிய அரசில் பணியேற்றார். மலையும் காடும் சூழ்ந்த அவ்விடம் அவருக்குப் பள்ளியாயிற்று. இந்திய நாடு விடுதலை பெற்றபின் அவ்வரசு சென்னை மாகாணத்துடன் இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். நிலையான ஊதியத்தை நாடாமல், எழுத்தையும் நிழற்படத்தையுமே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டார்.

விலங்குகளைப் படம் எடுத்தல் எளிய செயலன்று. ஆப்பிரிக்காவின் பரந்த புல்வெளிகளில் விலங்குகளைத் தொலைவிலிருந்தே காணலாம். நம் நாட்டின் அடர்ந்த காடுகளிலோ பத்தடிக்கு அப்பால் நிற்கும் யானையும் கண்ணுக்குப் புலப்படாது. சாம்பியன் என்னும் ஆங்கில வன அலுவலர் 1920-களில் வடநாட்டுக் காடுகளில் கம்பியைக் கட்டி வைத்து, புலியே அதனை இடறித் தன் படத்தை எடுத்துக்கொள்ளுமாறு செய்தார். கிருஷ்ணனோ விலங்கை நேரிற் கண்டு படம் எடுத்தார். பழகிய யானையின் முதுகிலமர்ந்தும், கால்நடையாகவும் முதுமலை முதலிய காடுகளிற் சுற்றினார். கறுப்பு வெள்ளைப் படங்களையே அவர் விரும்பி எடுத்தார். மேயும் காட்டெருமையும், கன்றைக் காக்கும் யானையும் தத்தம் இயல்போடு அப்படங்களில் விளங்கின.

அவர் காலத்திலேயே கானகம் குறைந்துவந்தது. நம் நாட்டுச் சிவிங்கிப்புலி அழிந்துபோயிற்றென்று 1952-இல் அறிவிக்கப்பட்டது. துப்பாக்கியால் வீழ்த்தியவனுக்குத் தோலும் கொம்பும் எஞ்சின. கிருஷ்ணன் படம் எடுத்தபின் விலங்கு தன் வழியே சென்றது. கண்டதைக் கண்டவாறே எழுதி, நாட்டு மக்களின் கண்களைத் திறக்க அவர் முயன்றார். ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950-ஆம் ஆண்டு தொடங்கிய அவர் கட்டுரைத் தொடர், நாற்பத்தாறு ஆண்டுகள் இடையறாது வெளிவந்தது. தமிழிலும் பறவைகளையும் விலங்குகளையும் பற்றி எழுதினார். அயல்நாட்டு மரங்களை நட்டு நம் மண்ணுக்குரிய மரங்களை மறத்தல் தகாதென்று வலியுறுத்தினார். முட்புதர்க் காட்டையும் வீண்நிலமென்று அவர் கருதவில்லை. அதுவும் பல உயிர்களின் வீடென்று உணர்ந்திருந்தார்.

1968-இல் நேரு ஆய்வுநல்கை பெற்றுத் தென்னாட்டுப் பாலூட்டிகளை ஆராய்ந்தார். அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் அவர் மறைந்தார்.

கண்மாய்க் கரையில் வெடியை விலக்கிய சிற்றூர் மக்களும், கானகத்தில் கருவியோடு பொறுமையாய்க் காத்திருந்த கிருஷ்ணனும் உணர்த்தும் பாடம் ஒன்றே. உயிர்களைக் காணும் உரிமை, அவற்றை வாழவிடுவோர்க்கே உண்டு.