எண்ணெய்க் கிண்ணம்

ஹெப்பகோடியைச் சுற்றியுள்ள ஆலைகளில் ஓடும் பொறிகளுக்கு மசகு இன்றியமையாதது. அது குறைந்தால் உலோகம் உரசித் தேயும், மிகுந்தால் வீணாகும். பொறி ஓடும்போதே அதனை அளவோடு செலுத்த வழி கண்டவர்களுள் ஒருவர் எலைஜா மெக்காய்.

அவருடைய பெற்றோர் அமெரிக்காவின் கென்டக்கியில் அடிமைகளாக இருந்து, தப்பிக் கனடாவில் குடியேறியவர்கள். அங்கே 1844இல் எலைஜா பிறந்தார். பதினைந்து வயதில் கடல் கடந்து ஸ்காட்லாந்து சென்று பொறியியல் கற்றார்.

பின்னர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வேலை தேடினார். கறுப்பினத்தவர் என்பதால் பொறியாளர் பணி மறுக்கப்பட்டது. இரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடவும் எண்ணெய் இடவுமே அமர்த்தப்பட்டார். அக்காலத்தில் எண்ணெய் இடுவதற்காகவே எஞ்சினை அடிக்கடி நிறுத்துவர், பயணிகள் காத்திருப்பர். மறுக்கப்பட்ட படிப்பு அங்கேதான் கைகொடுத்தது. 1872இல் அவர் ஒரு கிண்ணத்தை வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார். நீராவியின் அழுத்தமே அதன் அடைப்பிதழைத் திறக்கும்; எண்ணெய் சிறிது சிறிதாக உருளைக்குள் இறங்கும்; வண்டி நிற்க வேண்டியதில்லை.

பிற்கால எஞ்சின்கள் மிகுந்த வெப்பத்தில் ஓடின. எண்ணெயுடன் கிராஃபைட்டுத் தூள் (பென்சிலில் இருப்பதும் அதுவே) கலந்தால் தேய்மானம் குறையும். ஆனால் குழாய் அடைத்துக்கொள்ளும். எழுபது வயதை ஒட்டிய மெக்காய், அக்கலவை அடைபடாமல் சீராகப் பாயும் கருவியையும் செய்தார்.

ஐம்பதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றும், முதலீடு இன்மையால் பலவற்றை விற்க நேர்ந்தது. அதனால் அக்கருவிகள் பலவற்றில் அவர் பெயர் இல்லை. 1920இல் தம் பெயரிலேயே தொழிலகம் தொடங்கினார். 1929இல் காலமானார்.