78 வயதில் தனியாக விமானம் ஓட்டிய டாட்டா

சமையல் அறையில் உப்பு. சாலையில் லாரி. வீடு கட்டுகிற இடத்தில் இரும்பு. டாட்டா என்ற பெயரை அறியாத குடும்பம் நம் நாட்டில் இல்லை என்றே சொல்லலாம்.

அந்தத் தொழில்களுக்கெல்லாம் 1938-ம் ஆண்டு முதல் 1991-ம் ஆண்டு வரை தலைவராக இருந்தவர் ஜே.ஆர்.டி. டாட்டா. 50 ஆண்டுகளுக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தார். ஆனால் இரும்பும் லாரியும் அவருக்குத் தொழில்தான். அவருடைய உயிர் விமானத்தில் இருந்தது. அந்த விமானத் தொழிலை அவர் கையில் இருந்து இரண்டு முறை பறித்தார்கள். அப்படியும் அவருக்கு விமானத்தின் மீது இருந்த ஆசை போகவில்லை.

கடற்கரையில் பிறந்த ஆசை

1904-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிஸ் நகரில் அவர் பிறந்தார். தந்தை ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா, பார்சி வகுப்பைச் சேர்ந்தவர். ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலைக்கு வித்திட்ட ஜம்ஷெட்ஜி டாட்டாவுக்கு நெருங்கிய உறவினர். தாய் சூசான், பிரெஞ்சுக்காரப் பெண்மணி.

கோடை விடுமுறைக்கு அந்தக் குடும்பம் ஆர்தெலோ என்ற கடற்கரை ஊருக்குப் போவது வழக்கம். அங்கே பக்கத்திலேயே பிளேரியோ என்பவருக்கும் ஒரு வீடு இருந்தது. பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் இருக்கும் கடலை 1909-ம் ஆண்டில் முதன் முதலாக விமானத்தில் தாண்டி உலகப் புகழ் பெற்ற அதே பிளேரியோதான். கடற்கரை மணலில் விமானங்கள் இறங்கும். சிறுவன் டாட்டா வாயைப் பிளந்து பார்த்துக் கொண்டு நிற்பான். 15 வயதில் அந்த ஊரிலேயே ஒரு விமானத்தில் ஏறிச் சிறிது நேரம் வானத்தில் சுற்றி வந்தான். விமானி ஆவது என்று அன்றே முடிவு செய்து விட்டான்.

அப்போது அவர் பிரெஞ்சுக் குடிமகன். ஆகவே 20 வயதில் பிரெஞ்சுப் படையில் கட்டாயமாக ஓர் ஆண்டு சேவை செய்ய வேண்டி வந்தது. குதிரைப் படையில் சேர்த்தார்கள். அவருக்கு டைப் அடிக்கத் தெரியும் என்று அறிந்ததும் ஒரு கர்னலின் ஆபீசில் உட்கார வைத்து விட்டார்கள். படையிலேயே இன்னும் சில காலம் இருக்கலாம் என்று அவர் எண்ணினார். தந்தை ஒப்பவில்லை. இந்தியாவுக்கு வந்து தொழிலைக் கற்றுக் கொள் என்று அழைத்து விட்டார். பின்னால் அந்தப் படைப் பிரிவு மொராக்கோ போர்முனைக்குப் போய்ப் பெரும் அழிவுக்கு உள்ளாயிற்று. தந்தை சொல்லைக் கேட்டதால் உயிர் பிழைத்தார்.

1925-ம் ஆண்டு கடைசியில், சம்பளம் இல்லாத பயிற்சியாளராக டாட்டா நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே தந்தை இறந்து போனார்.

முதல் நம்பர் லைசென்ஸ்

பம்பாயில் விமானப் பயிற்சிச் சங்கம் ஒன்று ஏற்பட்டதும் ஓடிப் போய்ச் சேர்ந்தார். 1929-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி அவருக்கு விமானம் ஓட்ட லைசென்ஸ் கிடைத்தது. இந்தியாவில் கொடுக்கப்பட்ட லைசென்சுகளில் அதுதான் 1-ம் நம்பர். பிற்காலத்தில் எத்தனையோ பட்டங்களும் பதக்கங்களும் வந்தன. அந்தச் சின்னஞ்சிறு புத்தகம் கையில் கிடைத்தபோது அடைந்த மகிழ்ச்சியை வேறு எதிலும் அடையவில்லை என்று அவர் சொல்வது உண்டு.

1930-ம் ஆண்டில் ஆகாகான் ஒரு போட்டியை அறிவித்தார். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டி முதலில் வந்து சேரும் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. டாட்டா கராச்சியில் இருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினீயர் என்ற 17 வயது இளைஞர் இங்கிலாந்தில் இருந்து கராச்சிக்குப் புறப்பட்டார். வழியில், எகிப்து நாட்டில் அபூகிர் என்ற இடத்தில் டாட்டா இறங்கினார். அங்கே ஆஸ்பி தவித்துக் கொண்டு நின்றார். இஞ்சினில் நெருப்புப் பொறி உண்டாக்கும் பிளக் கெட்டுப் போயிற்று. மாற்றுவதற்கு வேறு பிளக் கொண்டு வரவில்லை!

பேசாமல் புறப்பட்டுப் போயிருந்தால் பரிசு டாட்டாவுக்குத்தான். அவரோ தம்மிடம் இருந்த உபரிப் பிளக்குகளை எடுத்துப் போட்டியாளருக்கே கொடுத்து விட்டார். நன்றிக்காக ஆஸ்பி தம்முடைய மிதவைச் சட்டையைக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று. அந்த இளைஞர்தான் பிற்காலத்தில் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியாக உயர்ந்தார். டாட்டா இதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

மாட்டு வண்டியில் வந்த பெட்ரோல்

அந்தக் காலத்தில் சீமைத் தபால் கராச்சி வரை ஆங்கிலக் கம்பெனி விமானத்தில் வரும். அதற்கு மேல் பம்பாய்க்கும் சென்னைக்கும் ரயிலில்தான் வர வேண்டும். நாட்கள் ஓடிப் போகும். கராச்சியில் இருந்து நாமே விமானத்தில் தபாலைக் கொண்டு வந்தால் என்ன என்று ஒரு யோசனை பிறந்தது. யோசனையைக் கொண்டு வந்தவர் நெவில் வின்சென்ட் என்ற வெள்ளைக்காரர். பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தவர். டாட்டா அதைப் பிடித்துக் கொண்டார். அப்போது நிறுவனத்தின் தலைவராக இருந்த தோராப்ஜி டாட்டா மிகவும் தயங்கினார். கடைசியில் 2 லட்ச ரூபாய் முதல் போட ஒப்புக் கொண்டார். அரசாங்கம் காலணா உதவித் தொகை கூடக் கொடுக்கவில்லை.

இரண்டு சிறிய விமானங்கள் வாங்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே இஞ்சின். ரேடியோ கிடையாது. கீழே தெரியும் ஆறு, மலை, ரயில் பாதை இவற்றைப் பார்த்துத்தான் வழி கண்டு பிடிக்க வேண்டும். பம்பாயில் ஜுஹு கடற்கரை ஓரத்துச் சேற்று நிலந்தான் விமான நிலையம். மழைக் காலத்தில் அதுவும் தண்ணீரில் முழுகி விடும். பிறகு பூனாவுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்!

1932-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி காலையில் டாட்டா கராச்சியில் இருந்து கிளம்பினார். 55 ராத்தல் எடையுள்ள தபால் பையும் அவரும் மட்டுமே. நடுவில் ஆமதாபாத்தில் இறங்கினார். அங்கே பெட்ரோல் டின்களை ஏற்றிக் கொண்டு ஒரு மாட்டு வண்டி வந்தது. வானத்தில் பறக்கும் வண்டிக்கு மாட்டு வண்டி தீனி கொண்டு வந்த காட்சியைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பெட்ரோலை ஊற்றிக் கொண்டு மீண்டும் பறந்து, பிற்பகல் பம்பாய் சேர்ந்தார். சென்னைக்கு உரிய தபாலை அங்கே வின்சென்ட் வாங்கிக் கொண்டு தம் விமானத்தில் ஏறினார். பல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னைக்கு வந்தார்.

இந்திய விமானப் போக்குவரத்து அன்று பிறந்தது. வின்சென்ட் அதன் வளர்ச்சியை நெடுநாள் பார்க்கவில்லை. 1942-ம் ஆண்டில், இரண்டாவது உலகப் போரின் நடுவே, அவர் பயணம் செய்த விமானம் திரும்பி வரவே இல்லை.

கையை விட்டுப் போனது

அந்தத் தபால் கம்பெனிதான் வளர்ந்து 1946-ம் ஆண்டில் ஏர் இந்தியா ஆயிற்று. 1948-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி பம்பாயில் இருந்து லண்டனுக்கு அதன் முதல் விமானம் பறந்தது.

1953-ம் ஆண்டில் அரசாங்கம் விமானக் கம்பெனிகளை எல்லாம் தேசிய மயம் ஆக்கியது. டாட்டாவுக்கு அது பெரிய இடி. தம்மிடம் சரியாகக் கலந்து கொள்ளவில்லை என்று நேருவிடமே குறைப்பட்டுக் கொண்டார். ஆனாலும் தலைவராக இருந்து நடத்துங்கள் என்று கேட்டபோது மறுக்கவில்லை. சம்பளம் வாங்காமல் 25 ஆண்டுகள் உழைத்தார்.

எப்படி உழைத்தார்? விமானத்தில் பயணம் செய்யும்போதெல்லாம் கையில் காகிதமும் பேனாவும் இருக்கும். திரைச் சீலை அழுக்காக இருந்தால் குறிப்பார். தேநீருக்கும் காபிக்கும் நிறத்தில் வேற்றுமையே தெரியவில்லை என்று எழுதி அனுப்புவார். கழிவறை அசுத்தமாக இருந்தால் தாமே சட்டைக் கையைச் சுருட்டிக் கொண்டு சுத்தம் செய்வார். ஆயிரக் கணக்கான பேருக்கு முதலாளி அவர்.

1978-ம் ஆண்டில், மொரார்ஜி தேசாயின் அரசாங்கம் அவரைத் தலைவர் பதவியில் இருந்து நீக்கியது. முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்ற பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பியது போன்ற வேதனை அவருக்கு. நெடுங்காலம் உழைத்த ஒரு கிழவரை அனுப்பும் முறை அது அல்ல என்பதே நம் எண்ணம்.

மீண்டும் அதே வழி

1982-ம் ஆண்டு வந்தது. முதல் தபால் விமானம் பறந்து 50 ஆண்டுகள் நிறைந்தன. அதே நாளில், அதே வழியில், தாமே விமானம் ஓட்டுவது என்று டாட்டா கிளம்பினார். 1962-ம் ஆண்டில், 30-வது ஆண்டு நிறைவின்போதும் இப்படிப் பறந்தவர்தான். ஆனால் அப்போது வயது 58. இப்போது 78!

விமானத்துக்கும் வயது குறைவு அல்ல. லெப்பர்ட் மாத் என்ற பழைய மாதிரி. 1930-க்குப் பிறகு சில ஆண்டுகளே செய்யப்பட்ட வகை. மரமும் துணியும் கொண்ட உடம்பு. மூக்கில் ஒரே இஞ்சின். பழுது பார்த்துப் பறக்கும் நிலைக்குக் கொண்டு வந்திருந்தார்கள். அது நடு வழியில் நின்று விட்டால் வேறு இஞ்சின் இல்லை. பக்கத்தில் துணை விமானியும் இல்லை. வேண்டாம் என்று தடுக்கக் கூடியவர்கள் பலர். அவர் கேட்கிற ஆள் இல்லை.

1932-ல் கராச்சியும் பம்பாயும் ஒரே நாடு. 1982-ல் கராச்சி அயல் நாடு. எல்லைக்கு அப்பால் போய், அங்கே இருந்து அக்டோபர் 15-ந் தேதி புறப்பட்டார். 600 மைலுக்கு மேற்பட்ட தூரம். ஆமதாபாத்தில் இறங்கி ஏறினார். பம்பாயில், ஜுஹுவில் கூட்டம் வானத்தையே பார்த்துக் கொண்டு காத்திருந்தது. பழைய விமானம் மெதுவாக வட்டமிட்டு இறங்கியது. கிழவர் கம்பீரமாக இறங்கி வந்தார்.

எதற்காக இந்த வேலை? நம் இளைஞர்களிடம் உற்சாகமும் துணிவும் குறைந்து வருவதாக அவருக்கு ஒரு கவலை. கஷ்டமான காரியத்தை நன்றாகச் செய்து முடிப்பதில் உள்ள இன்பத்தை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தார்.

1992-ம் ஆண்டில் பாரத ரத்னா பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. 1993-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி ஜெனீவா நகரில் தமது 89-வது வயதில் காலமானார். பாராளுமன்றம் அவருக்கு அஞ்சலி செலுத்தி ஒத்தி வைக்கப்பட்டது. உறுப்பினர் அல்லாத ஒருவருக்கு அப்படிச் செய்வது அபூர்வம். பிறந்த ஊரான பாரிசில், குடும்பக் கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள்.

ஏர் இந்தியா 2022-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி டாட்டா நிறுவனத்திடமே திரும்பி வந்தது. அப்போது அவர் இறந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன.