ஏர்ல் மெக்பெர்சன்

ஏர்ல் ஸ்டீல் மெக்பெர்சன் (1891 – 1960) அமெரிக்காவைச் சேர்ந்த தானுந்துப் பொறியாளர் ஆவார். இன்று பெரும்பாலான சிறிய மகிழுந்துகளின் முன்சக்கரங்களில் காணப்படும் மெக்பெர்சன் ஸ்ட்ரட் என்னும் தொங்கல் அமைப்பு இவருடைய பெயரால் அழைக்கப்படுகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மலிவு விலை மகிழுந்து ஒன்றுக்காக இவர் இவ்வமைப்பை வகுத்தார். அந்த மகிழுந்து விற்பனைக்கு வரவேயில்லை. போட்டி நிறுவனமான ஃபோர்டின் வண்டிகள் வழியாகவே இவ்வமைப்பு உலகெங்கும் பரவியது.

இளமையும் தொடக்கப் பணிகளும்

மெக்பெர்சன் 1891 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில் பிறந்தார். இலினொய் பல்கலைக்கழகத்தில் பயின்று 1915 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர் டெட்ராய்ட் நகரில் சால்மர்ஸ் தானுந்து நிறுவனத்தில் பணியைத் தொடங்கினார். முதலாம் உலகப் போரின்போது ஐரோப்பாவில் படைப்பணி ஆற்றினார். போருக்குப் பின் லிபர்ட்டி நிறுவனத்திலும், அதன் பின்னர் ஹப்மொபைல் வண்டிகளைத் தயாரித்த ஹப் நிறுவனத்திலும் பணிபுரிந்தார்.

1934 இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டில் அதன் செவ்ரோலே பிரிவின் தலைமை வடிவமைப்புப் பொறியாளரானார்.

பின்னணி

தொடக்ககால மகிழுந்துகளில் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சினால் இணைக்கப்பட்டிருந்தன. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்றொன்றும் சாய்ந்தது. திசைமாற்றுச் சக்கரமும் அதிர்ந்தது. இக்குறையை நீக்க, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் அசையும் தொங்கல் அமைப்பை ஜெனரல் மோட்டார்ஸ் 1934 ஆம் ஆண்டு வண்டிகளில் அறிமுகப்படுத்தியது. ஆங்கிலேயப் பொறியாளர் மோரிஸ் ஆலி இதில் முக்கியப் பங்கு வகித்தார். எனினும், இத்தகைய அமைப்புகளுக்குப் பல புயங்களும் மூட்டுகளும் தேவைப்பட்டதால் செலவு மிகுந்தது. விலை குறைந்த வண்டிக்கு எளிமையான அமைப்பு ஒன்று வேண்டியிருந்தது.

செவ்ரோலே கேடட்

இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற 1945 ஆம் ஆண்டில், செவ்ரோலே பிரிவின் இலகு மகிழுந்துத் திட்டத்திற்கு மெக்பெர்சன் தலைமைப் பொறியாளராக நியமிக்கப்பட்டார். இவ்வண்டிக்குக் கேடட் எனப் பெயரிடப்பட்டது. இதனை 1,000 டாலருக்கும் குறைவான விலையில் விற்பது நோக்கமாக இருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனித் தொங்கல் அமைப்பை மெக்பெர்சன் வகுத்தார். முன்மாதிரி வண்டிகள் உருவாக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டன.

ஆயினும், விலையைத் திட்டமிட்ட அளவுக்குள் வைப்பது கடினமாயிற்று. போருக்குப் பிந்தைய சந்தையில் பெரிய வண்டிகளே தடையின்றி விற்பனையாகின. 1947 இல் கேடட் திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் மெக்பெர்சன் ஃபோர்டு நிறுவனத்தில் சேர்ந்தார்.

ஃபோர்டு நிறுவனத்தில்

பிரான்சு நாட்டு ஃபோர்டு நிறுவனம் தயாரித்த வெடெட் என்ற மகிழுந்து, மெக்பெர்சன் அமைப்புடன் விற்பனைக்கு வந்த முதல் வண்டி எனப் பல இடங்களில் குறிப்பிடப்பட்டாலும், அக்கூற்று ஐயத்திற்குரியது. இது 1948 இல் அறிமுகமானது. 1950 இல் பிரித்தானிய ஃபோர்டு நிறுவனம் கான்சல், செஃபிர் ஆகிய வண்டிகளை இவ்வமைப்புடன் வெளியிட்டது. இவற்றின் வெற்றியே மெக்பெர்சன் பெயரைப் பரவலாக அறியச் செய்தது.

இவருடைய தொங்கல் அமைப்புகளுக்காக 1947 இல் ஜெனரல் மோட்டார்ஸ் சார்பிலும், 1949 இல் ஃபோர்டு சார்பிலும் காப்புரிமை கோரப்பட்டது. இரண்டு காப்புரிமைகளும் 1953 ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்டன. 1952 இல் மெக்பெர்சன் ஃபோர்டு நிறுவனத்தின் பொறியியல் துறைத் துணைத் தலைவரானார். 1958 இல் ஓய்வு பெற்ற இவர், 1960 இல் காலமானார்.

அமைப்பின் இயல்பு

மெக்பெர்சன் அமைப்பில் ஷாக் அப்சார்பர் எனப்படும் அதிர்வுத்தணிப்பியே சக்கரத்தை நிறுத்திப் பிடிக்கும் தூணாகவும் செயற்படுகிறது. இத்தூணைச் சுற்றிச் சுருள்வில் அமைந்துள்ளது. தூணின் மேல்முனை ரப்பர் தாங்கி ஒன்றின் வழியாக வண்டியின் உடற்கூட்டுடன் இணைக்கப்படுகிறது. கீழ்ப்பகுதி சக்கரத்தின் குடத்தைத் தாங்கும் பகுதியுடன் பிணைக்கப்படுகிறது. அப்பகுதியின் அடிப்புறத்தை, பால் ஜாயின்ட் எனப்படும் பந்து மூட்டின் வழியாக ஒரு கீழ்ப்புயம் பிடித்துக்கொள்கிறது. வண்டி திரும்பும்போது தூண் முழுவதும் சக்கரத்துடன் சேர்ந்து சுழல்கிறது.

மேற்புயம் தேவைப்படாததால் உறுப்புகளும் செலவும் குறைகின்றன. இரு சக்கரங்களுக்கும் இடையில் எந்திரத்திற்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது. எந்திரத்தைக் குறுக்குவாட்டில் வைத்து முன்சக்கரங்களை இயக்கும் சிறிய வண்டிகளுக்கு இது பெரிதும் பொருந்தியது. தூணின் உயரத்தால் வண்டியின் முன்பகுதியைத் தாழ்வாக அமைக்க இயலாமையும், சாலையின் அதிர்வு உடற்கூட்டிற்கு எளிதில் கடத்தப்படுவதும் இதன் குறைகளாகும்.

முன்சக்கர ஓசைகள்

பல வேலைகளைச் சில உறுப்புகளே செய்வதால், அவற்றுள் ஒன்று தேய்ந்தாலும் வண்டியின் முன்புறத்திலிருந்து தட்டும் ஓசை எழுகிறது. ஓசை உடற்கூட்டின் வழியே பரவுவதால் அது தோன்றும் இடத்தைக் காதால் மட்டும் அறிவது கடினம். எனவே, எந்நிலையில் ஓசை கேட்கிறது என்பதைப் பொறிவினைஞர்கள் முதலில் கவனிக்கின்றனர்.

* மெதுவாகச் செல்லும்போது சிறு பள்ளங்களில் அடுத்தடுத்துக் கேட்கும் தட்டோசைக்கு, சாய்வைத் தடுக்கும் தண்டின் இணைப்புகள் தேய்ந்திருப்பது பெரும்பாலும் காரணமாகும்.
* நின்ற நிலையில் திசைமாற்றுச் சக்கரத்தைத் திருப்பும்போது வில் துள்ளுவது போன்ற ஓசை எழுந்தால், தூணின் மேல்முனைத் தாங்கியைச் சோதிக்க வேண்டும்.
* பிரேக்கை அழுத்தும்போதோ விடும்போதோ ஒருமுறை மட்டும் கேட்கும் ஓசை, கீழ்ப்புயத்தின் ரப்பர் புஷ் தேய்ந்திருப்பதைக் காட்டலாம்.
* முன்சக்கர இயக்க வண்டி, வளைவில் முடுக்கப்படும்போது எழும் தொடர்ச்சியான சொடுக்கோசை, தொங்கல் அமைப்பைச் சார்ந்ததன்று. அது பெரும்பாலும் இயக்கத்தண்டின் வெளிமூட்டிலிருந்து வருவதாகும்.

வண்டியை உயர்த்தி முட்டுக்கொடுத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, புயத்திற்கும் சக்கரத்தின் குடத்தைத் தாங்கும் பகுதிக்கும் இடையே நெம்புகோலால் அசைத்துப் பார்த்தால் பந்து மூட்டின் தளர்வு தெரியும். சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து அசைக்கும்போது தளர்வு தெரிந்தால் திசைமாற்றுத் தண்டின் முனையையும், மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது தெரிந்தால் பந்து மூட்டையும் சக்கரத்தின் பேரிங்கையும் ஆராய வேண்டும்.

பந்து மூட்டின் ஓசையைப் புறக்கணிப்பது ஆபத்தானது. மூட்டு முற்றிலும் கழன்றால் சக்கரம் சாய்ந்து வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். வில்லை அழுத்திப் பிடிக்கும் கருவியின்றித் தூணின் மேல்முனையிலுள்ள நடு மரையைக் கழற்றுவதும் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும். அழுந்தியுள்ள வில் பெருவிசையுடன் தெறிக்கக்கூடும்.

முன்னோடிகளும் தாக்கமும்

இவ்வமைப்பின் கூறுகள் அனைத்தும் மெக்பெர்சன் ஒருவரின் சிந்தனையில் தோன்றியவை அல்ல. இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தைச் சேர்ந்த குய்டோ ஃபோர்னாகா 1920களிலேயே இதையொத்த வடிவமைப்பு ஒன்றை உருவாக்கியிருந்தார். பெருமளவில் தயாரிக்கத்தக்க எளிய அமைப்பாக அதை நிலைநிறுத்தியதே மெக்பெர்சனின் பங்களிப்பாகும்.

இவரது மறைவுக்குப் பின்னர் போர்ஷே 911, ஃபியட் 128, 1974 இல் வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் உள்ளிட்ட பல வண்டிகள் முன்புறத்தில் இவ்வமைப்பை ஏற்றன. இந்தியாவில் 1983 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800 வண்டியின் முன்சக்கரங்களிலும் இதுவே இருந்தது. கேடட் திட்டத்தைக் கைவிட்ட செவ்ரோலே பிரிவும் 1979 இல் வெளியிட்ட சைட்டேஷன் மகிழுந்தின் முன்புறத்தில் மெக்பெர்சன் அமைப்பைப் பயன்படுத்தியது. அப்போது கேடட் கைவிடப்பட்டு 32 ஆண்டுகள் கழிந்திருந்தன.