ஏ. ஜி. ராம்சிங்

ஏ. ஜி. ராம்சிங் (1910 - 1999) சென்னை மாகாண அணிக்காக ஆடிய இந்தியத் துடுப்பாட்டக்காரர் ஆவார். இடதுகைத் துடுப்பாளரும் இடதுகைச் சுழற்பந்து வீச்சாளருமான இவர், இந்திய அணியில் இடம்பெறாத சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

முதல் ரஞ்சிப் போட்டி

ரஞ்சிக் கோப்பையின் முதல் போட்டி 1934 நவம்பர் 4 அன்று சென்னை சேப்பாக்கத்தில் நடைபெற்றது. முதல் பந்தை எம். ஜே. கோபாலன் வீசினார். மைசூர் அணி 48, 59 ஓட்டங்களுக்குச் சுருண்டது. 130 ஓட்டங்கள் எடுத்த சென்னை அணி, ஒரே நாளில் ஓர் ஆட்டப்பகுதியாலும் 23 ஓட்டங்களாலும் வென்றது. ராம்சிங் 35 ஓட்டங்களை மட்டும் கொடுத்து 11 இலக்குகளை வீழ்த்தினார். பின்னர் ரஞ்சிப் போட்டிகளில் 1000 ஓட்டங்களும் 100 இலக்குகளும் பெற்ற முதல் ஆட்டக்காரரானார்.

கிட்டாத வாய்ப்பு

1936 இங்கிலாந்துப் பயணத்திற்குச் சென்னையிலிருந்து கோபாலனும் கோட்டா ராமசுவாமியும் தேர்வாயினர், ராம்சிங் சேர்க்கப்படவில்லை. அதன்பின் இரண்டாம் உலகப்போரின் காரணமாக 1946 வரை இந்தியா தேர்வுப் போட்டி எதிலும் ஆடவில்லை. இவரது சிறந்த ஆண்டுகள் அந்த இடைவெளியில் கழிந்தன. 1946 பயணத்திலும் இவருக்கு இடமில்லை. இவரைப் போன்றே இடதுகைச் சுழற்பந்து வீசும் பன்முக ஆட்டக்காரரான வினூ மன்கட் அவ்வாண்டு அறிமுகமாகி நிலைபெற்றார்.

மைந்தர்கள்

தந்தைக்குக் கிட்டாத வாய்ப்பு மைந்தர்களுக்குக் கிட்டியது. கிருபால் சிங் 1955இல் நியூசிலாந்துக்கு எதிராகத் தமது முதல் தேர்வுப் போட்டியிலேயே ஆட்டமிழக்காமல் நூறு ஓட்டங்கள் எடுத்தார். மில்கா சிங் 1960இல் ஆத்திரேலியாவுக்கு எதிராகச் சென்னையில் அறிமுகமானார்.